இல்லாமல் போன நாட்டின் குடிமக்கள்: குடியுரிமைச் சட்டங்களைத் தேடிப் படித்த அனுபவம்

சில ஆண்டுகளாக என் வேலையில் பெரும்பகுதி, இன்று வரைபடத்தில் இல்லாத நாடுகளின் சட்டங்களைத் தேடிப் படிப்பது. நாடற்றவர் என்ற அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு உதவும் ஒரு சட்ட உதவி அமைப்பில் ஆய்வாளராக இருக்கிறேன். வழக்கு நடத்துவது வழக்கறிஞர்கள். “இவரை எந்த நாடாவது தன் குடிமகனாகக் கருதுகிறதா?” என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஆதாரத்தோடு குறிப்பு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு.

கேள்வி எளிமையாகத்தான் தெரியும். நாடற்றோர் நிலை பற்றிய 1954ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் முதல் பிரிவும் ஒரே வரிதான்: எந்த அரசும் தன் சட்டம் செயல்படும் முறைப்படி யாரைத் தன் குடிமகனாகக் கருதவில்லையோ, அவர் நாடற்றவர். அந்த ஒரு வரிக்குப் பதில் தேடித்தான் மாதக்கணக்கில் பழைய அரசிதழ்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்களும், மொழிபெயர்ப்பாளர்களும், சொந்தக் குடும்பத்துக்காக இப்படித் தேடிக்கொண்டிருப்பவர்களும் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாடு உடையும்போது யாரும் வீட்டுக்கு வந்து “உங்கள் குடியுரிமையைப் பறித்துக்கொண்டோம்” என்று சொல்வதில்லை. புதிய நாடு ஒரு சட்டம் போடுகிறது. அந்தச் சட்டம் ஒரு தேதியைக் குறிப்பிடுகிறது. அந்தத் தேதியில் எந்தப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருந்தது என்று கேட்கிறது. பக்கத்தில் முளைத்த இன்னொரு புதிய நாடு வேறொரு தேதியைச் சொல்லி வேறொரு பதிவேட்டைக் கேட்கிறது. இரண்டிலும் பெயர் இல்லாதவர் நடுவில் விழுகிறார். அதனால் புதிய கோப்பு ஒன்று மேசைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது இரண்டு: எந்தத் தேதி, எந்தப் பதிவேடு. உரிமை, நீதி பற்றிய வாதமெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்த ஒரு கோப்பைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் கொசோவோவில் பிறந்தவர். அப்போது அது யூகோஸ்லாவியாவுக்குள், செர்பியக் குடியரசின் ஒரு பகுதி. சிறுவயதிலேயே பெற்றோருடன் அதே நாட்டின் இன்னொரு குடியரசான ஸ்லோவேனியாவுக்குப் போய், அங்கேயே படித்து, அங்கேயே தொழிற்சாலையில் சேர்ந்தார். கையில் இருந்தது யூகோஸ்லாவியாவின் சிவப்புக் கடவுச்சீட்டு. ஒரே நாடாக இருந்தவரை அது போதும். ஆனால் யூகோஸ்லாவியாவில் ஒவ்வொருவருக்கும் கூட்டாட்சிக் குடியுரிமையோடு ஏதாவது ஒரு குடியரசின் குடியுரிமையும் உண்டு. நகராட்சி அலுவலகத்துப் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும் அந்தக் குடியரசுக் குடியுரிமையை அன்றாட வாழ்வில் யாரும் கேட்டதில்லை. பல பேருக்குத் தங்களுடையது எந்தக் குடியரசு என்றே தெரியாது. 1991இல் நாடு உடையத் தொடங்கியதும் எல்லாம் அந்த ஒரு வரியில் போய் நின்றது.

ஸ்லோவேனியா 1991 ஜூன் 25 அன்று சுதந்திரத்தை அறிவித்தது. அதன் குடியுரிமைச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, பிற குடியரசுகளைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. பொது வாக்கெடுப்பு நடந்த 1990 டிசம்பர் 23 அன்று ஸ்லோவேனியாவில் நிரந்தர வசிப்பிடம் பதிந்திருந்து, உண்மையிலேயே அங்கே வாழ்ந்தால், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். சுமார் 1,71,000 பேர் அப்படிப் பெற்றார்கள். புதிதாகப் பிறக்கும் ஒரு நாடு செய்யக்கூடியதில் இது தாராளமான ஏற்பாடு என்றுதான் இந்தப் பிரிவை மட்டும் படித்தவர்கள் சொல்வார்கள்.

விண்ணப்பிக்காதவர்கள் என்ன ஆனார்கள்? குடியுரிமைச் சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. பதில் இருப்பது வெளிநாட்டவர் சட்டத்தில். அதன் கடைசிப் பக்கத்தில், இடைக்கால ஏற்பாடுகளுக்கு நடுவே, 81ஆவது பிரிவாக. விண்ணப்பிக்கும் கெடு முடிந்து இரண்டு மாதம் கழித்து, விண்ணப்பிக்காதவர்களுக்கு வெளிநாட்டவர் சட்டம் பொருந்தும் என்கிறது அது. டிசம்பர் 25 கெடு. இரண்டு மாதத்தைக் கூட்டினால் 1992 பிப்ரவரி 26. அந்த நாளில் 25,671 பேரின் பெயர்கள் நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டன. சட்டத்தில் ‘பெயரை நீக்கு’ என்று எந்த இடத்திலும் இல்லை. உள்துறை அமைச்சகம் நகராட்சிகளுக்கு அனுப்பிய உள் அறிவுறுத்தலில்தான் அந்த வேலை நடந்தது. யாருக்கும் கடிதம் போகவில்லை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கவோ வேறு ஏதோ சான்றிதழ் வாங்கவோ அலுவலகத்துக்குப் போனபோது, அடையாள அட்டையை வாங்கித் துளை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். துளை விழுந்த அட்டையோடு வேலையும் போனது, மருத்துவக் காப்பீடும் போனது. சிலரை எல்லைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ‘அழிக்கப்பட்டவர்கள்’ என்றே அவர்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

இதிலிருந்து ஒரு பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. குடியுரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போவேன். பிறப்பால், வம்சாவளியால், திருமணத்தால் என்று முன்பக்கத்தில் அழகாக அடுக்கியிருப்பது அடுத்த தலைமுறைக்கான விதி. நாடு உடைந்த நாளில் உயிரோடு இருந்தவர்களின் தலையெழுத்து, சட்டத்தின் வால்பகுதியில் உள்ள இடைக்கால ஏற்பாடுகளில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று பிரிவுகள், சிக்கலான வாக்கியங்கள், வேறு சட்டங்களைச் சுட்டும் எண்கள். குடியுரிமைச் சட்டத்தோடு அதே நாளில், அதே மாதத்தில் நிறைவேறிய மற்றச் சட்டங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெளிநாட்டவர் சட்டம், குடியிருப்புப் பதிவுச் சட்டம், அடையாள அட்டைச் சட்டம் எல்லாம் ஒரே கயிற்றின் இழைகள்.

சரி, அந்தச் சட்டங்கள் எங்கே கிடைக்கும்? அரசிதழ்தான் மூலம். இப்போது பல நாடுகளின் அரசிதழ்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே முதலில் கண்ணில் படுவது இன்றைய திருத்தங்கள் சேர்ந்த வடிவம். நமக்கு வேண்டியது 1992இல் அமலில் இருந்த வடிவம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்பட்ட அதிகாரபூர்வமான மறுப்புக் கடிதங்களையே பார்த்திருக்கிறேன். மொழி தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் ‘தொடர்புடைய உள்நாட்டுச் சட்டம்’ என்று ஒரு பகுதி வரும். அந்தக் காலத்தில் அமலில் இருந்த பிரிவுகளை மொழிபெயர்த்து, அரசிதழ் எண்ணோடு அதில் கொடுத்திருப்பார்கள். ஸ்லோவேனியா பற்றிய குரிச் வழக்கில் 2012 ஜூன் 26 அன்று பெரும் அமர்வு தந்த தீர்ப்பு அப்படி ஒரு சுரங்கம். 40ஆவது பிரிவு, 81ஆவது பிரிவு, 1999இலும் 2003இலும் ஸ்லோவேனிய அரசியல் சாசன நீதிமன்றம் இந்த நீக்கத்தைத் தவறு என்று சொன்ன தீர்ப்புகள், அதற்குப் பிறகும் அரசு இழுத்தடித்த கதை, எல்லாம் வரிசையாக அதில் இருக்கின்றன. தீர்ப்பின் முடிவைப் படிக்கும் முன் இந்தப் பகுதியைப் படியுங்கள் என்று புதிதாகச் சேரும் எல்லோரிடமும் சொல்வேன். இதைத் தவிர, ஃபுளோரன்ஸில் உள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனத்தின் குளோபல்சிட் தரவுத்தளமும், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ரெஃப்வேர்ல்ட் தளமும் தினமும் கை வைக்கும் இடங்கள்.

அந்த மனிதரின் கோப்புக்கு வருவோம். அவர் அழிக்கப்பட்டவர்களில் ஒருவர். ஆனால் அதை மட்டும் வைத்து நாடற்றவர் என்று எழுதிவிட முடியாது. அழிக்கப்பட்டவர்கள் இழந்தது ஸ்லோவேனியாவில் வாழும் உரிமையை. அவர்களில் பலருக்குக் காகிதத்தில் வேறொரு குடியரசின் குடியுரிமை இருந்தது. சிலருக்கு எதுவுமே இல்லாமல் போனது. இவர் எந்தப் பக்கம் என்று தெரிய மற்ற நாடுகளையும் பார்க்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா நாடுகளையும் பார்க்கத் தேவையில்லை. பிறப்பு, பெற்றோர், திருமணம், வசிப்பிடம் ஆகியவற்றால் ஒருவருக்குத் தொடர்புள்ள நாடுகளைப் பார்த்தால் போதும். ஐ.நா. அகதிகள் ஆணையம் 2014இல் வெளியிட்ட கையேடும் அதைத்தான் சொல்கிறது.

ஒரு பெரிய தாளில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் அவர் வாழ்க்கையின் தேதிகள்: பிறப்பு, இடமாற்றம், வேலை, துளை விழுந்த நாள், நாட்டைவிட்டு வெளியேறிய மாதம். வலப்பக்கம் சட்டங்களின் தேதிகள். ஸ்லோவேனியாவுக்கு 1990 டிசம்பர் 23. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் சேர்ந்து அமைத்த யூகோஸ்லாவியக் கூட்டாட்சிக் குடியரசின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1992 ஏப்ரல் 27. அன்று செர்பியக் குடியரசின் அல்லது மாண்டினீக்ரோவின் குடியுரிமை வைத்திருந்தவர்களைத்தான் அது தன் குடிமக்களாக எடுத்துக்கொண்டது. பின்னாளில் தனி நாடாக அறிவித்துக்கொண்ட கொசோவோவின் அரசியல் சாசனத்துக்கு 1998 ஜனவரி 1. அன்று கொசோவோவில் வழக்கமாக வசித்த யூகோஸ்லாவியக் குடிமக்களும் அவர்களுடைய நேரடி வாரிசுகளும் உரிமை உள்ளவர்கள். தாளை நிரப்பி முடித்ததும் படம் தெளிவானது. ஸ்லோவேனியாவில் விண்ணப்பிக்கும் கெடுவைத் தவறவிட்டார். கொசோவோ கேட்கும் நாளில் அவர் கொசோவோவில் இல்லை. செர்பியா மட்டும் திறந்த கதவாகத் தெரிந்தது. கொசோவோவில் பிறந்தவர் என்பதால் அவருடைய குடியரசுக் குடியுரிமை செர்பியா என்றுதான் பதிவாகியிருக்க வேண்டும்.

‘பதிவாகியிருக்க வேண்டும்’ என்பதற்கும் ‘பதிவாகியிருக்கிறது’ என்பதற்கும் நடுவில்தான் இந்த ஆய்வின் கடினமான பகுதி இருக்கிறது. 1999இல் செர்பியப் படைகளும் நிர்வாகமும் கொசோவோவைவிட்டு வெளியேறியபோது, பல நகராட்சிகளின் பிறப்பு, குடியுரிமைப் பதிவேடுகள் செர்பியாவுக்குக் கொண்டுபோகப்பட்டன. நிஷ் போன்ற நகரங்களின் அலுவலகங்கள் அவற்றை வைத்துச் சான்றிதழ் கொடுத்தன. சில புத்தகங்கள் போரில் எரிந்தன, சில காணாமல் போயின. பதிவேடுகளின் நகல்களைத் திருப்பித் தருவது பற்றி செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடும் கொசோவோவின் தலைநகர் பிரிஷ்டினாவும் 2011இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆக, ஒரே ஊரின் பிறப்புப் பதிவைத் தேட இரண்டு நாடுகளின் கதவைத் தட்ட வேண்டும். எந்த நகராட்சியின் புத்தகம் இப்போது எந்த ஊர் அலுவலகத்தில் இருக்கிறது என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. அந்த அலுவலகங்களில் தினமும் வரிசையில் நிற்கும் உள்ளூர் வழக்கறிஞர்களுக்குத் தெரியும். ஒரு தொலைபேசிப் பேச்சில் அவர்கள் சொல்லித் தந்தது, நான் படித்த பல கட்டுரைகளைவிடப் பயன்பட்டது.

தூதரகத்துக்கு எழுதும் கடிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “இவர் உங்கள் குடிமகனா?” என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது. வந்தால், “உரிய ஆவணங்களுடன் விண்ணப்பிக்கவும்” என்ற அச்சுக் கடிதம் வரும். அதனால் கேள்வியைச் சின்னதாக, பதில் சொல்லியே ஆகும்படி எழுத வேண்டும். இந்தப் பெயரில், இந்தத் தேதியில், இந்த நகராட்சியில் பிறந்தவரின் பெயர் குடியுரிமைப் பதிவேட்டில் இருக்கிறதா. இல்லையென்றால், இல்லை என்று எழுத்தில் தர முடியுமா. தந்தையின் பெயரையும் தாயின் கன்னிப் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். பெயரை எழுதும் முறை ஊருக்கு ஊர் மாறுவதால், அல்பேனிய எழுத்துமுறையில் ஒன்று, செர்பிய எழுத்துமுறையில் ஒன்று என்று எல்லா வடிவங்களையும் கொடுங்கள். அனுப்பிய சான்றைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராத மௌனமும் ஒரு சான்றாகலாம், ஆனால் எல்லா இடத்திலும் ஆகாது. வழக்கமாகப் பதில் தரும் நாடு இவர் விஷயத்தில் மட்டும் வாய் திறக்கவில்லையென்றால் அதற்குப் பொருள் உண்டு. யாருக்குமே பதில் தராத நாட்டின் மௌனத்திலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் அந்தத் தூதரகம் பொதுவாக எப்படி நடந்துகொள்கிறது என்று மற்ற அமைப்புகளிடம் கேட்டு, அதையும் குறிப்பில் எழுதிவிடுவேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: அந்த ஆள் அகதி அந்தஸ்தும் கேட்டிருந்தால், அல்லது தன் பழைய நாட்டு அரசுக்குப் பயந்தவராக இருந்தால், தூதரகத்துக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது. அவர் எங்கே இருக்கிறார் என்பதை நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். வழக்கறிஞரிடம் கேட்காமல் கடிதம் எதையும் அனுப்புவதில்லை என்று எங்களிடம் கண்டிப்பான விதியே இருக்கிறது.

கடைசியில் அவர் விஷயத்தில் தந்தையின் பெயர் பதிவேட்டில் கிடைத்தது, மகனின் பெயர் இல்லை. விடுபட்ட பெயரைப் பின்னாளில் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள செர்பியச் சட்டத்தில் வழி இருக்கிறது. நாடற்றவர் என்ற அங்கீகாரத்துக்கு வாதாடுவதா, அந்தப் பின்பதிவுக்கு முயல்வதா என்று வழக்கறிஞர் அவரிடமே கேட்டார். அவர் பதிவையே தேர்ந்தெடுத்தார். நாடற்றவர் என்ற அங்கீகாரம் பாதுகாப்புத் தரும், மறுக்கவில்லை. பிரான்ஸ், ஸ்பெயின், ஹங்கேரி, மால்டோவா, பிரிட்டன் போன்ற நாடுகளில் அதற்கென்றே தனி நடைமுறை இருக்கிறது; வசிக்கும் அனுமதியும் பயண ஆவணமும் அதன் வழியாகக் கிடைக்கலாம். ஆனால் உண்மையில் கிடைக்கக்கூடிய ஒரு குடியுரிமை இருந்தால், அதைத் தேடித் தருவதுதான் ஆய்வாளர் செய்யக்கூடிய பெரிய உதவி. முடிவை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு சட்டத்தைத் தேடினால் இந்த வாசல் கண்ணில் படாது.

செக்கோஸ்லோவாகியாவின் பிரிவினையைச் சண்டையில்லாமல் முடிந்த நல்ல உதாரணமாகச் சொல்வார்கள். துப்பாக்கிச் சத்தம் இல்லை, சரிதான். ஆனால் குடியுரிமைக் கணக்கு அங்கேயும் பழைய பதிவேட்டின்படிதான் நடந்தது. 1969 முதல் அங்கே ஒவ்வொருவருக்கும் செக் அல்லது ஸ்லோவாக் என்று ஒரு குடியரசுக் குடியுரிமை உண்டு. பிறந்த இடத்தையும் பெற்றோரையும் வைத்துப் போட்ட கணக்கு அது. 1993 ஜனவரி 1 அன்று நாடு இரண்டானபோது, செக் பகுதியிலேயே காலமெல்லாம் வாழ்ந்த ரோமா என்ற சிறுபான்மை இன மக்களில் பலர் ‘ஸ்லோவாக்’ ஆகிப் போனார்கள், சொந்த வீட்டில் வெளிநாட்டவராக. செக் குடியுரிமை வேண்டுமென்றால் இரண்டு ஆண்டு நிரந்தர வசிப்பும் கடந்த ஐந்து ஆண்டுகளில் குற்றத் தண்டனை இல்லாமையும் கேட்டார்கள். சின்னத் திருட்டு வழக்குகூடப் போதும், கதவு மூடிவிடும். தான் பிறந்து வளர்ந்த இடத்தில் குடிமகனாகத் தொடர நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். 1996இலும் 1999இலும் வந்த திருத்தங்கள்தான் நிலைமையைச் சரிசெய்தன. இதைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: செக் சட்டத்தின் எண் 40/1993. ஸ்லோவாக் சட்டத்தின் எண்ணும் 40/1993. எண்ணை மட்டும் எழுதினால் எந்த நாட்டுச் சட்டம் என்று யாருக்கும் புரியாது. மேற்கோள்களில் இவை இடம் மாறிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

சோவியத் ஒன்றியம் உடைந்தது வேறு அளவிலான கதை. அங்கே குடியிருப்புப் பதிவு முத்திரைதான் எல்லாம். ‘புரோபிஸ்கா’ என்பார்கள். ரஷ்யாவின் குடியுரிமைச் சட்டம் 1992 பிப்ரவரி 6 அன்று அமலுக்கு வந்தது. அன்று ரஷ்ய மண்ணில் நிரந்தரமாக வசித்த முன்னாள் சோவியத் குடிமக்கள், வேண்டாம் என்று ஓராண்டுக்குள் சொன்னால் ஒழிய, ரஷ்யக் குடிமக்கள். இவர்கள் விஷயத்தில் கடவுச்சீட்டின் முதல் பக்கத்தைவிட, உள்ளே புரோபிஸ்கா முத்திரை விழுந்த பக்கம் முக்கியம். அந்த முத்திரையின் ஊர், தேதி, நிரந்தரமா தற்காலிகமா என்ற சொல், மூன்றையும் பாருங்கள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வேறொரு குடியரசில் தற்காலிக முத்திரையோடு இருந்தவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். லாட்வியா வேறு வழியில் போனது. 1940 ஜூன் 17க்கு முன்பிருந்த லாட்வியக் குடிமக்களுக்கும் அவர்களுடைய வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை தானாகத் திரும்பியது. சோவியத் காலத்தில் குடியேறியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், லட்சக்கணக்கானவர்கள், ‘குடிமக்கள் அல்லாதோர்’ என்ற தனி நிலைக்குள் வந்தார்கள். அதற்கென்று தனிக் கடவுச்சீட்டே உண்டு. அவர்களை நாடற்றவர் என்பதா கூடாதா என்பதில் லாட்வியாவின் நிலைப்பாடும் சர்வதேச அமைப்புகளின் நிலைப்பாடும் ஒன்றில்லை.

இதே சோவியத் மிச்சத்தில் மனதுக்கு நிறைவு தரும் கணக்கும் ஒன்று இருக்கிறது. கிர்கிஸ்தானில் பழைய சோவியத் கடவுச்சீட்டோடு எந்த நாட்டிலும் சேராமல் நின்றவர்களைத் தேடி, வழக்கறிஞர் அசிஸ்பெக் அஷுரோவும் அவர் குழுவும் அரசு அலுவலர்களோடு தொலைதூரக் கிராமங்களுக்கே போனார்கள். 13,700 பேருக்கு மேல் குடியுரிமை பெற்றார்கள். 2019இல், தெரிந்த எல்லா நாடற்றோர் வழக்குகளையும் தீர்த்த முதல் நாடாகக் கிர்கிஸ்தான் ஆனது. மக்கள் அலுவலகத்தைத் தேடி வரட்டும் என்று காத்திருந்தால் இது நடந்திருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு இலங்கையின் மலையகமும் அங்குள்ள இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களும் நினைவுக்கு வந்திருக்கும். அங்கே நாடு இரண்டாக உடையவில்லை. ஒரு பேரரசு விலகியது. ஆனால் சட்டத்தின் பொறி ஒன்றேதான். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்பை, அல்லது தந்தைவழிப் பாட்டன், பூட்டன் இருவரின் பிறப்பையும் இலங்கையில் நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைத் தலைக்கணக்காகப் பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் கணக்கு 1974இல் பாதிக்குப் பாதியாக முடிந்தது. பிற நாடுகளின் பிரிவினைச் சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த எண்கள் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். யாரிடம் கேட்டுப் பிரித்தார்கள் என்ற கேள்வியை எந்தச் சட்டத்தின் ஓரத்திலும் எழுத அதுதான் பழக்கியது.

அந்தக் கேள்வியைச் சர்வதேசச் சட்டமும் கேட்டிருக்கிறது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 1999இல் முடித்த வரைவுப் பிரிவுகளில் ஐந்தாவது, பாதிக்கப்பட்ட நிலப்பரப்பில் வழக்கமாக வசிப்பவருக்கு அந்த நிலத்தின் வாரிசு நாட்டுக் குடியுரிமை உண்டு என்று முதலில் அனுமானிக்கச் சொல்கிறது. உரிய இடங்களில் மக்களின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்றும் அந்த வரைவு சொல்கிறது. ஆனால் அது கையொப்பமிட்ட உடன்படிக்கை ஆகவில்லை. நாடுகள் பிரியும்போது நாடற்ற நிலை வராமல் தவிர்ப்பது பற்றிய ஐரோப்பிய அவையின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை உண்மையான உடன்படிக்கைதான், ஏற்ற நாடுகள் குறைவு. குறிப்பில் இவற்றைச் சேர்ப்பேன், ஆனால் வாதத்தின் பாரத்தை இவற்றின் மேல் வைக்க மாட்டேன். அலுவலரின் மேசையில் எடுபடுவது அந்த நாட்டின் சொந்தச் சட்டமும், அதை அது நடத்தும் விதமும்தான்.

சூடானை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், காகிதத்தில் ஒருவரை நடுவில் விட முடியாது என்று நம்புகிறவர்கள் அந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும். 2011 ஜூலை 9 அன்று தெற்கு சூடான் தனி நாடானது. அதன் சட்டம் பெற்றோர், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி வரை பிறப்பைப் பார்க்கிறது. அங்குள்ள பூர்வகுடிச் சமூகங்களில் ஒன்றைச் சேர்ந்தவர் என்றாலும் ஏற்கிறது. அகலமான வாசல். அதே ஆண்டு சூடான் தன் சட்டத்தைத் திருத்தி, தெற்கு சூடானின் குடியுரிமையைச் சட்டப்படியோ நடைமுறைப்படியோ பெற்றவர் சூடான் குடியுரிமையைத் தானாக இழப்பார் என்றது. சூடானின் தலைநகர் கார்ட்டூமில் பிறந்து வளர்ந்த ஒருவர், தெற்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை, ஒரு விண்ணப்பமும் போட்டதில்லை. ஆனாலும் தெற்கின் சட்டம் அவரை ஏற்கக்கூடும் என்ற காரணத்தைக் காட்டி வடக்கு அவரை நீக்கிவிடலாம். தெற்கோ, சாட்சி கொண்டு வா என்று கேட்கலாம். இங்கே இரண்டு சட்டங்களையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்க வேண்டும். ஒரு நாட்டின் சட்டம் இன்னொரு நாட்டின் முடிவை ஊகித்துப் பேசும் இடம் எதுவோ, ஆபத்து அங்கேதான்.

ஆட்களிடம் பேசும்போது கவனிக்க வேண்டியவை சில. “நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன்?” என்று ஆரம்பிக்காதீர்கள். பல ஆண்டுகளாக அலுவலகங்களில் அதே கேள்வியைக் கேட்டு நொந்தவர்கள் அவர்கள். எங்கே பள்ளிக்குப் போனீர்கள், ராணுவ சேவை செய்தீர்களா, ஓட்டுப் போட்டதுண்டா, எந்த அலுவலகத்தில் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். ராணுவச் சேவைப் புத்தகம், தொழிற்சாலையின் வேலைப் புத்தகம், தடுப்பூசி அட்டை, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு என்று அவர்கள் ஒன்றுக்கும் ஆகாது என நினைத்து மூட்டையில் கட்டி வைத்திருக்கும் காகிதங்களில்தான் அந்தத் தேதியில் அந்த ஊரில் இருந்ததற்கான சான்று இருக்கும். காலாவதியான கடவுச்சீட்டின் மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, படம் எடுத்து வையுங்கள். அலுவலகத்தில் வாய்மொழியாக மறுத்தால், எந்த நாள், எந்தச் சாளரம், என்ன வார்த்தை என்று அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களின் வழக்கு இழுக்கும்போது பிள்ளைகளின் விஷயம் பின்னால் போய்விடக் கூடாது. குடும்பத்தில் குழந்தை இருந்தால் நான் அதற்குத் தனிக் கோப்புத் திறப்பேன். பெற்றோரின் நாட்டுச் சட்டம் தரும் பதிலும் குழந்தை பிறந்த நாட்டுச் சட்டம் தரும் பதிலும் வேறாக இருக்கும். நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முதல் பிரிவு, தன் மண்ணில் பிறந்து வேறு எந்தக் குடியுரிமையும் இல்லாமல் போகும் குழந்தைக்குப் பிறந்த நாடே குடியுரிமை தர வேண்டும் என்கிறது; பிறந்தவுடனா, பின்னர் விண்ணப்பித்தா என்பதை நாட்டின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. விண்ணப்பம் என்றால் அதற்கு வயது வரம்பு இருக்கும். அதைப் பார்த்துக் கோப்பின் முகப்பில் பெரிதாக எழுதுங்கள். லாட்வியாவில் 2020 ஜனவரி 1 முதல் ‘குடிமக்கள் அல்லாதோரின்’ குழந்தைகள் பிறக்கும்போதே குடிமக்களாகப் பதிவாகிறார்கள். அதற்கு முந்தைய நாள் பிறந்த குழந்தைக்கு வேறு விதி. செர்பியாவில் 2012 முதல், பிறப்பே பதிவாகாத ஒருவர் தன் பிறந்த இடத்தையும் நேரத்தையும் தீர்மானித்துத் தரும்படி நேரே நீதிமன்றத்தைக் கேட்கலாம்; தாய்க்கே காகிதம் இல்லாததால் பதிவாகாமல் போன பல ரோமா பிள்ளைகளுக்கு அந்த வழி உதவுகிறது. பிறந்த மருத்துவமனையின் சீட்டையும், பிரசவம் பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று சாட்சி சொல்லக்கூடியவர்களின் பெயர்களையும் முதல் சந்திப்பிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.